ஜீவனிடம் கேட்காத கேள்வி

ஒரு பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாவும் அம்மாவும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தலைமையாசிரியர் பையனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பெயரைக் கேட்கிறார். ஜீவன் என்கிறான். அப்பா பெயர் அன்வர் ரஷீத். அம்மா பெயர் லட்சுமி தேவி. தலைமையாசிரியர் இப்போது நிமிர்கிறார். பையனை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பார்த்து, மதம் என்று எதைப் போட வேண்டும் எனக் கேட்கிறார். எதுவும் வேண்டாம் என்கிறார்கள். சாதியும் வேண்டாமாம். மனிதர் யோசிக்கிறார். பெரியவனான பிறகு இவனுக்கே ஒரு மதம் வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? அப்போது அவன் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று பதில் வருகிறது.

உரையாடல் இவ்வளவுதான். கேரளத்தில் 2008-ம் வருஷத்து ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வந்தது. தலைப்பு 'மதமில்லாத்த ஜீவன்'. அதன் கீழே பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியும் உண்டு. விலைவாசி உயர்வு, குடிதண்ணீர்ப் பஞ்சம், தொற்றுநோய், பூகம்பம் இவையெல்லாம் எந்த மதத்துக்காரர்களை அதிகம் பாதிக்கும்?

இதற்குத்தான் கேரளம் கொந்தளித்தது. கிறிஸ்தவ சபைகளும், முஸ்லிம் அமைப்புகளும், நாயர் சர்வீஸ் சொசைட்டியும், எதிர்க்கட்சிகளும் தெருவுக்கு வந்தன. மற்ற நாளில் ஒரே மேடையில் ஏறாதவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். புத்தகத்தை எரித்தார்கள். பாடம் நாத்திகத்தைப் போதிக்கிறது என்றார்கள். அந்த ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில், ஆசிரியர் கூட்டம் ஒன்றை எதிர்த்து நடந்த போராட்டத்தில் தாக்கப்பட்டு ஜேம்ஸ் அகஸ்டின் என்ற தலைமையாசிரியர் செத்துப்போனார். பாடத்தில் வந்த தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நியாயமான கேள்வி கேட்டவர். நிஜத்தில் இருந்த தலைமையாசிரியருக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் அரசாங்கம் வரலாற்றாசிரியர் கே.என். பணிக்கர் தலைமையில் குழு போட்டது, பாடம் திருத்தப்பட்டது, ஊர் அடுத்த சண்டைக்குப் போய்விட்டது.

பாடத்தை ஆதரித்தும் எதிர்த்தும் ஆயிரம் பேர் பேசினார்கள். அதை ஒரு எழுத்தாகப் படித்துப் பார்த்தவர்கள் கம்மி. நான் இத்தனை வருஷத்தில் பலதடவை படித்துவிட்டேன். முதலில் படித்தபோது கைதட்டினேன். இப்போது அந்த ஒரு இடத்தில் தடுக்குகிறது. தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்க்கிற இடம்.

பெயர் கேட்டபோது பையன் மனுஷனாக இருந்தான். வாய் திறந்து பதில் சொன்னான். மதம் என்ற சொல் வந்ததும் பேச்சு அவன் தலைக்கு மேலே போய்விடுகிறது. பள்ளியில் சேரப்போவது அவன், வாழப்போவது அவன், ஆனால் அவனைப் பற்றிப் பேசுகிறார்களே ஒழிய அவனோடு பேசவில்லை. 'அவன் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்' என்ற பெருந்தன்மையான பதிலும் அவன் காதுபட, அவனைக் கேட்காமலே சொல்லப்படுகிறது.

எழுதியவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, நம் நாட்டில் நடக்கிறதை அப்படியே எழுதிவிட்டார்.

பாடத்தில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அன்வரும் லட்சுமியும் ரொம்பச் சுத்தமானவர்கள். எதிர்த்து ஒரு சொல் கேட்காதவர்கள். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லையா? குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் வீட்டில் ஒரு பாட்டி நின்று அழுதிருக்க மாட்டாளா? ராத்திரி பிள்ளைக்கு ஜுரம் நூற்று நாலுக்குப் போனபோது லட்சுமி தன்னை அறியாமல் ஏதாவது ஒரு பேரை முணுமுணுத்தாளா? அதை அன்வர் கேட்டும் கேளாததுபோல் இருந்தானா? இதெல்லாம் ஏழாம் வகுப்பில் எழுத முடியாதுதான். ஆனால் நிஜமான விவாதம் பள்ளிக்கூட ஆபீஸில் நடப்பதில்லை, அடுக்களையில் நடக்கிறது. இந்தப் பாடத்திலேயே சிறந்த வரி தலைமையாசிரியரின் கடைசிக் கேள்விதான். மாற்றுக்கருத்து உள்ளவர் கேட்ட கேள்வி அது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டார்கள். வாழ்க்கையில் அங்கேதான் பேச்சே ஆரம்பிக்கும்.

எதிர்த்தவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் சொல்ல வேண்டும். 'என் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது என்று அரசாங்கம் யார் தீர்மானிக்க?' என்று ஒரு அப்பன் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வியல்ல. அதே கேரளத்தில் 1985-ல் வேறொரு அப்பன் அதைத்தான் கேட்டார். அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு சபையைச் சேர்ந்தவர். பிஜோ, பினு மோள், பிந்து என்று அவருடைய மூன்று பிள்ளைகள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். எங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்றார்கள். பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். பிள்ளைகள் எழுந்து நின்றார்களே, அது மரியாதை இல்லையா, பாடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எங்கே இருக்கிறது, அவர்கள் நம்பிக்கை உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம், அது அவர்களுக்கு உண்மையானதா என்பதுதான் கேள்வி. தீர்ப்பின் சாரம் இது. பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு.

மதமில்லை என்று எழுதச்சொன்ன அன்வர் ரஷீதும், பாடமாட்டேன் என்ற பிஜோவும் அரசியல் சட்டத்தின் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். மனசாட்சி சுதந்திரம் என்ற 25-வது பிரிவு. ஒருவரைத் தள்ளிவிட்டால் இன்னொருவரும் விழுவார். 2008-ல் புத்தகம் எரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

*

திருவனந்தபுரத்துச் சண்டை எங்களுக்கு அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி. கல்குளம் தாலுகா நெய்யூரில் 1949 வரை திருவிதாங்கூர் ராஜ்ஜியம், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. இன்றைக்கும் டி.வி.யில் மலையாள சேனல் ஓடும். அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்யூரில் நண்பன் வீட்டு முன்வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

நண்பனுக்குத் திருவனந்தபுரத்தில் வங்கி வேலை. வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருவான். அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரே பெரிய சார் என்றுதான் சொல்லும். ஞாயிறு ஆராதனை தவறாது, ராத்திரி ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் தவறாது. மகன் கல்லூரியிலேயே கடவுளைக் கைவிட்டவன். ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு இந்துப் பெண்ணைக் கட்டினான். ஏழு வயதில் ஒரு பையன். ஞானஸ்நானமும் இல்லை, குலதெய்வம் கோயிலில் மொட்டையும் இல்லை.

எங்கள் ஜில்லாவில் டீக்கடையில் மதத்தைப் பற்றிச் சத்தமாகப் பேச மாட்டார்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது. நெய்யூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். அதற்குப் பிறகு வெளியிடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகிவிட்டோம். பேச வேண்டியதெல்லாம் வீட்டுக்குள் பேசுவோம். வீட்டுக்குள் யாரைப் பற்றிப் பேசுவது? பிள்ளைகளைப் பற்றித்தான்.

பெரிய சார் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு மகனைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நீ பிள்ளைக்கு எந்தப் பாசையில படிப்பிக்கணும்னு அவங்கிட்ட கேட்டியா? எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டியா? எறச்சி திங்கணுமா வேண்டாமான்னு கேட்டியா? எல்லாம் நீதான் தீர்மானிச்ச. தெய்வம் மட்டும் அவன் வளர்ந்தபெறகு அவனே தீர்மானிக்கணும். இது என்னடே நியாயம்?"

நல்ல கேள்வி. நாத்திக நண்பர்கள் பலபேரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சட்டென்று பதில் வராது. நண்பன் வாய்ச்சாலக்காரன், பதில் சொன்னான்.

"சோறு தப்பாப்போனா வயிறு சொல்லும்ப்பா. தெய்வம் தப்பாப்போனா யாரு சொல்லுவா?"

"மனசாட்சி சொல்லும்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். மனசாட்சி இருந்தா போரும். எதுக்கு நடுவுல ஒரு ஆளு?"

பெரிய சார் அசரவில்லை. நெய்யூர்க்காரர்களிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. அதை எடுத்தார்.

"சோமர்வெல்."

நெய்யூரில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிராளி கொஞ்ச நேரம் பேச மாட்டான். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் செருப்பு கம்பெனி நடத்திய வசதியான குடும்பத்தில் 1890-ல் பிறந்தவர். முதல் உலகப்போரில் அறுவைச் சிகிச்சை டாக்டராக இருந்து ரத்தத்தைப் பார்த்தவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 1838-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. வாசலில் நோயாளிக் கூட்டம், அறுவைச் சிகிச்சை செய்ய ஒரே ஒரு டாக்டர். பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். நடுவில் 1924-ல் ஒருமுறை எவரெஸ்ட் போய், ஆக்ஸிஜன் குடுவை இல்லாமல் இருபத்தெட்டாயிரம் அடி உயரம் வரை ஏறிவிட்டுத் திரும்பவும் நெய்யூருக்கு வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே குடல்புண்ணையும் வாய்ப்புற்றையும் அறுத்துக்கொண்டிருந்தார். ஜெயமோகனின் 'ஓலைச்சிலுவை' கதையைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

"அந்த மனுசன் சம்பளத்துக்கா வந்தாரு? விசுவாசம் இல்லேன்னா இந்தக் காட்டுக்கு வருவாரா? உங்க பகுத்தறிவு யாரையாவது இப்படிக் கொண்டாந்து விட்டுருக்கா?"

நண்பன் திணறினான். நான் இடையில் புகுந்தேன். புத்தகம் படித்தவனுக்குச் சும்மா இருக்க முடியாது.

"சார், சோமர்வெல்லும் கேம்பிரிட்ஜில படிக்கிற காலத்துல கொஞ்ச நாள் கடவுள் இல்லேன்னு இருந்தவர்தான்."

பெரிய சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "திரும்பி வந்தாருல்லா தம்பி?"

"வந்தார் சார். ஆனா போக விட்டாங்கல்லா?"

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நண்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வராந்தா மூலையில் பையன் கலர் பென்சிலால் ரயில் வரைந்துகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினான்.

"நீயே சொல்லு மக்கா. கடவுள் இருக்காரா, இல்லியா?"

பையன் பாட்டா முகத்தைப் பார்த்தான். அப்பா முகத்தைப் பார்த்தான். என்னையும் ஒரு தடவை பார்த்தான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தோம்.

"எனக்கு ஒண்ணுக்குப் போணும்" என்றான்.

போனவன் திரும்பி வரவில்லை. கால்மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அடுக்களையில் பாட்டியோடு உட்கார்ந்து மரச்சீனிக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தான். நண்பனின் மனைவி எங்களைப் பார்த்து, "மூணு ஆம்பிளையளும் சேந்து ஒரு பிள்ளையப் பயமுறுத்தியாச்சு. இனி காப்பி குடிக்கலாம்" என்றாள்.

*

அன்றைக்கு ராத்திரி எரணியல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் பாடத்துத் தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார். அவர் பையனை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பார்த்து நிமிர்ந்தது ஒருவேளை தாட்சண்யமாகக்கூட இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கக்கூடாத கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். நாங்கள் கேட்டோமே, அது கேட்பதா? அவன் பதிலில் எங்களுக்கு அக்கறை இல்லை. எங்களுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் பாட்டாவுக்கும் நடுவில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தால்தான் அவன் பதில் சொல்ல முடியும்.

பிள்ளையைத் தாண்டிப் பேசுவது ஒரு வன்முறை என்றால், கூண்டில் ஏற்றிக் கேட்பது இன்னொன்று. நாம் இந்த இரண்டையும்தான் மாறிமாறிச் செய்கிறோம்.

இந்தப் பத்தியில் மதம் பற்றி ஏதாவது எழுதிவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் வரும். 'தெய்வ பயம் இல்லாத பிள்ளை எப்படி சார் ஒழுக்கமா வளரும்?' கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பிள்ளையைப் பற்றிய பயம்தான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இது. உங்கள் வீட்டில் கடவுளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும். சாப்பிடலைன்னா சாமி கோச்சுக்கும். இருபத்திநாலு மணி நேரமும் சம்பளமில்லாத கான்ஸ்டபிள் வேலை. ஒருநாள் பிள்ளை பொய் சொல்லிப் பார்க்கிறான், கண் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கடவுளும் போய்விடுகிறார், உண்மை பேசுவதும் போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டியது நீங்கள்தானே?

பகுத்தறிவு வீடுகளும் லேசுப்பட்டவை அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை ஆசையாகத் தின்றுவிட்டு வந்த பிள்ளையிடம், 'களிமண்ணு கொழுக்கட்டை திங்குமாடா?' என்று கேட்டு எல்லோர் முன்னாலும் சிரிக்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பும் பிரம்புதான். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் கொழுக்கட்டையை ஒளித்துத் தின்னும்.

'வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும்' என்பதை ஏதோ நாத்திகர் கண்டுபிடித்த தத்துவம் மாதிரி 2008-ல் பேசினார்கள். நெய்யூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே! பெந்தெகொஸ்தே சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. தானே உணர்ந்து, தானே விசுவாசித்து வருகிறவனைத்தான் தண்ணீரில் முக்குவார்கள். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது. சுவிட்சர்லாந்தில் 1525-லேயே இந்தச் சண்டை வந்து, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்றவர்களைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்கிற அளவுக்குப் போனது. பெரிய சாரின் சி.எஸ்.ஐ. சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. ஆனால் அதோடு முடியாது. பிள்ளை வளர்ந்து விவரம் தெரிந்த வயதில் வகுப்பு வைத்து, பிஷப் வந்து, சபை முன்னால் நிறுத்தி, உனக்காக அன்றைக்கு மற்றவர்கள் சொன்னதை இன்றைக்கு நீயே உன் வாயால் சொல்கிறாயா என்று கேட்பார்கள். திடப்படுத்தல் என்று பெயர். அதாவது, அப்பா அம்மா சொன்ன 'ஆமாம்' ஒரு அட்வான்ஸ் மாதிரிதான், பாக்கியைப் பிள்ளைதான் கட்ட வேண்டும் என்று சபையே ஒத்துக்கொள்கிறது. நடைமுறையில் புதுச்சட்டை, போட்டோ, பிரியாணியோடு முடிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். 'இல்லை, எனக்கு இன்னும் நிச்சயமில்லை' என்று ஒரு பிள்ளை அந்த இடத்தில் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்குமா என்று பெரிய சாரிடம் பின்னொரு நாள் கேட்டேன். "சோறு கெடைக்கும். முகம் கெடைக்காது" என்றார். நேர்மையான மனிதர்.

சட்டமும் இந்த விஷயத்தில் பாடத்துத் தலைமையாசிரியர் மாதிரித்தான். அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது. ரொம்ப நல்லது. ஆனால் மைனராக இருந்தால் காப்பாளர் சம்மதம் போதும். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டது! 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை கொஞ்சம் குனிந்து பார்க்கிறது. மனசாட்சி சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு, பெற்றோர் வழிகாட்டலாம், ஆனால் பிள்ளையின் விவரம் வளரவளர அதற்குத் தகுந்த மாதிரி என்கிறது அதன் 14-வது பிரிவு. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. நம் வீடுகள் எப்போது ஏற்றுக்கொள்ளும் என்று தெரியாது.

தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதியையும் மதத்தையும் எழுதாமல் விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. கேரளத்தில் பாடத்துக்குக் கலவரம் நடந்தது, இங்கே ஆணை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகாவின் பெற்றோர் அவருக்குப் பள்ளியில் இரண்டையும் எழுதாமல் விட்டவர்கள். ஒரு மகளுக்கு சிநேகா என்றும் மற்ற இருவருக்கு மும்தாஜ், ஜெனிபர் என்றும் பெயர் வைத்தவர்கள். சிநேகா வளர்ந்து, படித்து, வக்கீலாகி, பல வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, 2019 பிப்ரவரியில் 'சாதி மதம் அற்றவர்' என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். பெற்றோர் காலியாக விட்ட கட்டத்தைத் தன் கையால் நிரப்பினார். பெரிய சார் பாஷையில் சொன்னால் இதுவும் ஒரு திடப்படுத்தல்தான். அவர் கேட்டால் சிரிப்பாரா கோபிப்பாரா தெரியாது.

மாற்றுக் கருத்துக்காரரோடு எப்படிப் பேசுவது என்பதற்கு எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. ஆந்திரத்தின் கோரா. முழுப்பெயர் கோபராஜு ராமச்சந்திர ராவ். தாவரவியல் வாத்தியார், தீவிர நாத்திகர். ஒரு காலத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் வேலை பார்த்தவர். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் பிறந்த மகனுக்கு லவணம், அதாவது உப்பு என்று பெயர் வைத்தவர். அவர் காந்தியைத் தேடிப்போய் 1944-லிருந்து கடவுள் உண்டா இல்லையா என்று விவாதித்தார். காந்தி அவரைத் திருத்தப் பார்க்கவில்லை. கோராவும் பஜனையில் வந்து உட்கார்ந்தார், பாடவில்லை. கோராவின் மகளுக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரோடு சேவாகிராமத்தில் கல்யாணம் என்று முடிவானது. சடங்கில் கடவுள் பெயரால் என்று வருகிற இடத்தில் என்ன சொல்வது? உறுதிமொழியில் கடவுள் என்பதை எடுத்துவிட்டு சத்தியம் என்று வைத்துக்கொள்ள காந்தி சம்மதித்தார். ஆயுள் முழுக்க ராமநாமம் சொன்ன கிழவர், ஒரு நாத்திகன் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு சொல்லை மாற்றினார். 1948 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கல்யாணம் மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் நடந்தது. இரண்டு பேரில் யார் ஜெயித்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

*

பெரிய சார் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். பையன், இனி பையன் என்று சொல்லக்கூடாது, பெங்களூரில் வேலையாக இருந்தவன் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் பாடகர் குழு பாட ஆரம்பித்தபோது நண்பனும் நானும் கொஞ்சம் தள்ளி ஒரு பலாமரத்தடியில் நின்றோம். அவன் எப்போதும் அங்கேதான் நிற்பான்.

பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனபோதுதான் கவனித்தோம். அவன் மகன் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தான். கையில் புத்தகம் இல்லை. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

"எப்பம்லே இதெல்லாம் படிச்சான் இவன்?" என்றான் நண்பன்.

பின்னால் நின்ற அவன் மனைவிதான் பதில் சொன்னாள். "ஸ்கூல் லீவுக்கு இங்க வரும்போதெல்லாம் ஏழு மணிக்கு பாட்டாகூடத்தானே இருப்பான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீங்க சும்மா இருப்பியளா?"

நண்பன் ஒன்றும் பேசவில்லை. மண் போட்டு முடித்துக் கூட்டம் கலைந்தபோது மகன் எங்களை நோக்கி வந்தான். கண் சிவந்திருந்தது. அவன் நம்புகிறானா, பாட்டாவுக்காகப் பாடினானா என்று கேட்க எனக்கே நாக்கு நுனி வரை வந்தது. நண்பனுக்கும் வந்திருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா, கார் சாவி தாங்க. பாட்டி ரொம்ப நேரமா நிக்குது. முதல்ல கொண்டு வீட்டுல விட்டுட்டு வாறேன்."

நண்பன் சட்டைப்பையில் தேடி எடுத்துச் சாவியைக் கொடுத்தான். நாங்கள் இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம்.